மில்லுக்குள் ஜிம் வந்தால் போதுமா? நேரம் யார் தருவது?

மில் தொழிலாளிக்கு எதற்குத் தேகப்பயிற்சி?

தேவதானம் டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் சிரிப்புத்தான் கிளம்பும். "நாள் பூரா ஓடியாடி வேலை பாக்கிறவனுக்கு ஜிம் எதுக்கு அண்ணாச்சி? அதெல்லாம் ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்கிற ஆபீசருக்கு!" என்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. நெஞ்சு வலிக்கும் சர்க்கரைக்கும் ஆபீசர், தொழிலாளி என்ற பேதம் கிடையாது.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர் தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோவிலும், வயலும், தென்னந்தோப்பும், மாந்தோப்பும் உள்ள ஊர். ஆனால் வயலை மட்டும் நம்பி வாழ்ந்த காலம் போய்விட்டது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் நூல் மில் தொடங்கினார். பிறகு ஒன்று பத்தாகப் பெருகியது. சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு மில் என்பது இன்னொரு வயல் ஆயிற்று. சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிச் சத்தம் காதைத் துளைக்கும்.

இந்த மனிதர்களின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஷிப்டு 8 மணி நேரம். பஸ்சுக்குக் காத்திருப்பதும், போவதும் வருவதும் சேர்த்து 2 மணி நேரம் என்று வையுங்கள். தூக்கம் 7 மணி நேரம். மிச்சம் 7 மணி நேரம். அதற்குள்தான் குளியல், சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, ரேஷன் கடை, மாடு கன்று, கல்யாணம், காரியம் எல்லாம்! பெண் தொழிலாளி என்றால் அடுப்பும் பாத்திரமும் கூடுதல்.

இவர்களைப் பார்த்து, "தினமும் வாக்கிங் போங்கள்" என்று டாக்டர் சொன்னால் எந்த நேரத்தில் போவார்கள்?

அங்கேதான் வேலை பார்க்கும் இடத்திலேயே தேகப்பயிற்சிக்கு வசதி வேண்டும் என்ற பேச்சு பிறக்கிறது.

ஓடுகிறவருக்கும் வேண்டுமா?

முதலில் டீக்கடைக் கேள்விக்கே பதில் சொல்லிவிடலாம்.

ரிங் பிரேம் ஓட்டும் சைடர் ஷிப்டு முடிவதற்குள் கிலோ மீட்டர் கணக்கில் நடந்துவிடுகிறார். டாப்பர் குனிந்து நிமிர்ந்து பாபினைக் கழற்றி மாட்டுகிறார். பேல் தூக்குகிறவரின் தோள் காய்த்துப் போயிருக்கிறது. இதெல்லாம் உடல் உழைப்பு இல்லையா?

உழைப்புத்தான். ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 1,04,046 பேரைச் சராசரியாக 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து குறைந்திருந்தது. வேலையில் உடம்பை வருத்தியவர்களுக்கோ ஆபத்து கூடியிருந்தது! படிப்பு, வருமானம், சிகரெட் பழக்கம் போன்ற வித்தியாசங்களைக் கழித்த பிறகும் கணக்கு மாறவில்லை.

காரணம் என்ன? டாக்டர்கள் சொல்லும் விளக்கம் எளியது. பயிற்சி என்பது கொஞ்ச நேரம். இதயம் வேகமாக அடிக்கும். பிறகு உடம்பு ஆறும். மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள்ளலாம். மில் வேலை அப்படியா? மணிக்கணக்கில் அதே குனிவு, அதே கை, அதே தோள். இதயமும் ரத்த அழுத்தமும் இறங்க நேரமில்லை. மூச்சு வாங்குகிறது என்று ரிங் பிரேமை நிறுத்த முடியுமா? மேஸ்திரி விடுவாரா?

ஆகவே ஓடியாடி வேலை செய்கிறவருக்கு இன்னும் ஓட்டம் தேவையில்லை. இறுகிய முதுகையும் தோளையும் தளர்த்தும் பயிற்சி தேவை. கூடவே ஓய்வும் தேவை.

உட்கார்ந்தவர் கதை

இனி மில் ஆபீசில் கணக்கு எழுதும் கிளார்க்கை எடுத்துக்கொள்வோம். கடையில் கல்லாவில் உட்காரும் முதலாளியும் இவரோடு சேர்த்திதான். இவர்களுக்கு வேறு ஆபத்து.

லண்டன் நகர மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை டாக்டர் ஜெரி மாரிஸ் என்பவர் ஆராய்ந்து 1953-ல் எழுதினார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்சில்தான் போகிறார்கள். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு! டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கினார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்.

கண்டக்டர் செய்ததும் வேலைதானே என்று கேட்கலாம். அவர் ஏறினார், நின்றார், இறங்கினார், பேசினார். அந்த வேலையில் இடைவெளி இருந்தது. மில் வேலையில் இல்லாதது அதுதான்.

நம் நாட்டுக் கணக்கும் நல்லதாக இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எடுத்த கணக்கு 2014-ல் வெளியானது. 100-க்கு 54 பேர் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள். 2022-ஆம் ஆண்டு நிலவரம் பற்றி உலக சுகாதார நிறுவனம் தந்த கணக்கிலும் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அப்படித்தான்.

வாரத்துக்கு எவ்வளவு வேண்டும்? குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் 6 வேலை நாள். வகுத்துப் பாருங்கள். நாளைக்கு 25 நிமிடம்!

இந்த 25 நிமிடம்தான் பிரச்சினை. மெஷின் அல்ல.

முதலாளிக்கு என்ன லாபம்?

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கண்ணாடி ஹாலில் ஓடும் மெஷின் இருக்கிறது. சைக்கிள் மெஷின் இருக்கிறது. "எங்கள் ஊழியர் நலனைப் பாருங்கள்" என்று போட்டோ போடுகிறார்கள். "ஜிம் வைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம், லீவு குறையும், உற்பத்தி கூடும்" என்று மெஷின் விற்கிறவர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.

அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அமெரிக்காவில் ஒரு பெரிய கடை நிறுவனத்தின் 160 கிளைகளில் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து ஒன்றரை வருஷம் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் 20 கிளைகளில் மட்டும் உடல்நலத் திட்டம் நடந்தது. முடிவு 2019-ல் வந்தது. திட்டம் நடந்த கிளைகளில், ஒழுங்காகப் பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் 100-க்கு 8 பேர் கூடுதல். நல்ல சேதிதான். ஆனால் ரத்த அழுத்தம் குறையவில்லை. கொழுப்பு குறையவில்லை. லீவு குறையவில்லை. மருத்துவச் செலவும் குறையவில்லை.

அப்படியானால் வீணா? அதுவும் இல்லை.

இந்தியாவிலேயே தொழிற்சாலைகளில் நடந்த இன்னொரு முயற்சி இருக்கிறது. அதன் முடிவு 2009-ல் வெளியானது. சுமார் 4 ஆண்டுகள் நடந்தது. வெறும் பயிற்சிப் பேச்சு மட்டும் இல்லை. சாப்பாடு, புகையிலை, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தார்கள். திட்டம் நடந்த ஆலைகளில் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இறங்கின.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். மேலோட்டமாக ஒரு வகுப்பு, ஒரு நோட்டீஸ் என்று ஒன்றரை வருஷத்தில் பணம் கொட்டாது. பொறுமையாக, சாப்பாட்டையும் சேர்த்து, வருஷக்கணக்கில் செய்தால் உடம்பு திரும்பும்.

முதலாளிக்குக் கிடைப்பது இதுதான்: கைதேர்ந்த தொழிலாளி 45 வயதில் முதுகு ஒடிந்து வீட்டில் உட்காராமல் இருப்பது. ஆள் கிடைக்கவில்லை என்று எல்லா மில்லும் புலம்பும் காலத்தில், இது சின்ன லாபமா?

நேரத்துக்கு ஒரு சரித்திரம்

நேரம் கேட்பது புதிய கோரிக்கை இல்லை.

சென்னை பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில் தொழிலாளர்கள் 1918-ல் கேட்டதும் நேரம்தான். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை. ஓடிப்போய் நாலு கவளம் விழுங்கிவிட்டு ஓடிவர வேண்டியிருக்கிறது என்பது அவர்களுடைய பெரிய குறை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இதை பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் அதுவும் ஒன்று.

அன்று கேட்டது சோறு தின்ன நேரம். இன்று கேட்க வேண்டியது முதுகு நிமிர்த்த நேரம்.

ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட அது வழிவிட்டது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, வாசலில் ஒரு ஜிம் திறந்தால் அதற்கு என்ன பெயர்? பசிக்கிறவனுக்கு ஏப்ப மருந்து!

சட்டம் என்ன சொல்கிறது?

தேகப்பயிற்சிக் கூடம் கட்டாயம் என்று எந்தத் தொழிற்சாலைச் சட்டமும் சொல்லவில்லை.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன், 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை என்று கணக்கு வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு கேண்டீனுக்கு 100 பேர், ஓய்வறைக்கு 50 பேர் என்று எண்ணிக்கையைக் குறைத்தது. அரசு குறிக்கும் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்றும் சொல்கிறது. சுகாதாரத்துறையும் 2024-ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று ஆலைக்குள் வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கத் தொடங்கியது.

பரிசோதனை செய்தால் நோய் இருப்பது தெரியும். தெரிந்த பிறகு? "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். எங்கே, எப்போது பண்ணுவது என்பதற்குத்தான் பதில் இல்லை.

கடைச் சிப்பந்திகளின் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே சேலை விரிக்கும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது. கால் நரம்பு சுருண்டு புடைத்தவர்கள் ஏராளம். கேரளம் 2018-ல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்று சொன்னது. உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், உடம்பை நிமிர்த்துவதற்கு யாராவது குரல் கொடுத்தால்தானே நடக்கும்?

பஞ்சு தூசிக்கு ஜிம் மருந்தாகாது

ஒரு எச்சரிக்கையும் தேவை.

நூல் மில்லில் பஞ்சு தூசி பறக்கிறது. வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் 'பிசினோசிஸ்' என்னும் நுரையீரல் நோய் வரும். வார லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும், இருமல் வரும். இதற்கு மருந்து, தூசியை உறிஞ்சும் ஏற்பாடும், காற்றோட்டமும், மூக்கு மூடியும்தான். தறிச் சத்தத்துக்கு மருந்து, காது அடைப்பான்.

இவற்றைச் செய்யாத மில்லில் ஜிம் திறந்தால் அது கண்துடைப்பு. தூசிக்கு நடுவே மூச்சிரைக்கப் பயிற்சி செய்தால் தூசிதான் கூடுதலாக உள்ளே போகும்! கூலியையும் லீவையும் கொடுக்காமல், "ஜிம் வைத்திருக்கிறோமே" என்று சொல்லவும் இடம் தரக்கூடாது.

காசு அதிகம் ஆகுமா?

ஆகாது.

ஜப்பான் நாட்டில் 1928-ல் ரேடியோ மூலம் தேகப்பயிற்சி தொடங்கினார்கள். ரேடியோவில் பாட்டு ஒலிக்கும். தொழிற்சாலை வாசலில் மேனேஜரும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று கையை வீசுவார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். மெஷின் இல்லை. இன்றைக்கும் அது நடக்கிறது.

மத்திய ஆயுஷ் அமைச்சகம் நாற்காலிப் பக்கத்திலேயே செய்யக்கூடிய 5 நிமிட யோகா இடைவேளை ஒன்றை வகுத்துக் கொடுத்தது. ஆபீஸ் கிளார்க்குக்கு அது தோதானது. நம் ஊரிலோ தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் தாத்தா காலத்திலிருந்தே இருக்கின்றன. ஒரு கொட்டகை, தரையில் ஜமுக்காளம், சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் போதும்.

லட்சக்கணக்கில் மெஷின் வாங்கிப் பூட்டி வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு மாலை போடுவதைவிட இது மேல்.

சத்திரப்பட்டியில் பத்துப் பேரை வைத்துத் தறி ஓட்டுகிறவர் தனியாகக் கொட்டகை போட முடியாதுதான். ராஜபாளையம் பஜாரில் நாலு பேரை வைத்துக் கடை நடத்தும் அண்ணாச்சியும் அப்படியே. அவர்களுக்குப் பொது ஏற்பாடு வேண்டும். தறி முதலாளிகள் சங்கம், வியாபாரிகள் சங்கம், நகராட்சி, பஞ்சாயத்து கூடிப் பேசினால் தெருவுக்கு ஒரு இடம் கிடைக்காமலா போகும்? கடையில் ஆளுக்கு 20 நிமிடம் மாற்றி மாற்றி விட்டால் வியாபாரம் குடிமுழுகிப் போகாது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நேரம். ஷிப்டுக்குள் 20 நிமிடம். சம்பளப் பிடித்தம் இல்லாமல். ஷிப்டு முடிந்த பிறகு என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். கடைசி பஸ் போய்விடும்!

இரண்டாவது, பெண்களுக்குத் தனி நேரமும் மறைவான இடமும், பெண் பயிற்சியாளரும். மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்களுக்கு இது மிக அவசியம். அவர்களுடைய உலகமே மில்லும் அறையும்தான். மாலையில் அரை மணி திறந்தவெளியில் பந்து விளையாட விட்டால் மனசுக்கும் மருந்து.

மூன்றாவது, வேலைக்கு ஏற்ற பயிற்சி. நின்றுகொண்டே இருப்பவருக்குக் காலுக்கு, குனிகிறவருக்கு முதுகுக்கு, உட்கார்ந்திருப்பவருக்கு நடை. எல்லாருக்கும் ஒரே பாடம் உதவாது. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே இறங்க வேண்டும்.

நான்காவது, கட்டாயம் கூடாது. வராதவரின் பெயரை எழுதுவதும், எடை குறையாதவரைக் கேலி செய்வதும், பரிசோதனை முடிவைக் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதும் வந்துவிட்டால் எல்லாம் பாழ். உடம்புச் சேதி டாக்டரோடு நிற்க வேண்டும்.

ஐந்தாவது, தொழிற்சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். போனஸ் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது இந்த 20 நிமிடத்தையும் மேஜை மேல் வைக்க வேண்டும். முதலாளி பார்த்துக் கொடுக்கும் இனாம் என்றால் அடுத்த வருஷம் நின்றுவிடும். ஒப்பந்தத்தில் எழுதிய உரிமை நிற்கும்.

மில்லில் மெஷினுக்கு எண்ணெய் போட நேரம் உண்டு. கிரீஸ் வைக்க நேரம் உண்டு. தூசி தட்ட ஆள் உண்டு. எந்த மெஷினை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று சுவரில் அட்டவணையே தொங்குகிறது. அதை வீண் செலவு என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை.

அந்த அட்டவணையில் மனுஷனுக்கும் ஒரு வரி எழுதுங்கள். 20 நிமிடம். அவ்வளவுதான் கேட்பது!